வாப்பாவின் இகாமாவும் எங்கள் நீல அட்டையும்



எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் பச்சை அட்டை போட்ட சிறு புத்தகம் ஒன்று இன்றும் இருக்கிறது. அது வாப்பாவின் பழைய இகாமா. சவூதி அரேபியாவில் வேலைக்குச் சென்ற முஸ்லிம்களுக்கு அந்நாளில் வழங்கப்பட்ட குடியிருப்பு அனுமதிப் புத்தகம். அதிலுள்ள தம் புகைப்படத்தையும், அரபியில் எழுதியிருக்கும் தொழிலின் பெயரையும் வாப்பா எங்களுக்குக் காட்டுவதுண்டு. 'வீட்டு ஓட்டுநர்' என்று படித்துவிட்டுச் சிரிப்பார். வாப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

இதை எழுதும் நாங்கள் கணவனும் மனைவியும். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்து, சென்னையில் வேலை பார்த்து, 2024 மே மாதத்தில் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தோம். எங்களுள் கணவர் மென்பொருள் பொறியாளர். மனைவி மருந்தியல் பட்டதாரி. கடந்துபோன நாட்களை ஒருவர் மட்டும் தனித்து எழுத இயலாது என்பதால் சேர்ந்தே எழுதுகிறோம். வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் நம் ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி சொல்லவேண்டும் என்பது எங்கள் எண்ணம். அதைச் சொல்ல வாப்பாவிடமிருந்துதான் தொடங்கவேண்டும்.

வாப்பா சவூதிக்குச் சென்றது 1984இல். இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் அதற்கு முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது. எமிக்ரேஷன் முத்திரை விழுந்த கடவுச்சீட்டோடு பம்பாய் வழியே விமானம் ஏறினார். அவர் வாங்கியிருந்தது 'ஃப்ரீ விசா'. வளைகுடா சென்றுவந்த குடும்பங்களில் அந்தச் சொல்லை அறியாதார் இல்லை. ஒரு கஃபீலின் பெயரில் விசா வரும்; பணம் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு வேறெங்கோ வேலை தேடிக்கொள்ள வேண்டும். பெயரில்தான் அது இலவசம், சுதந்திரம் எல்லாம். சட்டத்தின் கண்ணில் அப்படி ஒரு விசாவே கிடையாது. தாளின்படி வாப்பா ஒரு வீட்டின் ஓட்டுநர். உண்மையில் தம்மாம் நகரில் ஓர் இரும்புச் சாமான் கடையின் கணக்கர். கடைத்தெருவில் சோதனை என்று சொல் பரவினால் பேனாவை வைத்துவிட்டுப் பின்வாசல் வழியே கிடங்குக்குள் போய்விடுவார்.

இகாமாவின் காலக்கெடு ஹிஜ்ரிக் கணக்கில் இருந்தது. ஆங்கில ஆண்டைவிட அது ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஆகவே புதுப்பிக்கும் நாளும், அதற்காகக் கஃபீலுக்குக் கொடுக்கவேண்டிய தொகையும் ஆண்டுதோறும் 11 நாட்கள் முன்னதாகவே வந்து நிற்கும். எங்கள் உம்மாவுக்கு ஹிஜ்ரி மாதங்கள் பிறழாமல் நினைவில் இருந்ததற்கு நோன்பும் பெருநாளும் மட்டும் காரணம் அல்ல. வீட்டு ஓட்டுநர் என்ற தொழிலுக்குக் குடும்பத்தை அழைத்துவரும் உரிமையும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துபோகும் விருந்தினராகவே வாப்பாவை அறிந்து பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

1996இல் வாப்பும்மா நோயில் விழுந்தார். செய்தி கிடைத்த அன்றே வாப்பா கஃபீலைத் தேடிப் போனார். கடவுச்சீட்டு அவரிடம் இருந்தது. நாட்டைவிட்டு வெளியேறித் திரும்பிவரும் அனுமதிக்கு அவருடைய கையொப்பம் வேண்டும். அவரோ வெளியூர்ப் பயணத்தில் இருந்தார். அவர் திரும்பியபோது வியாழனும் வெள்ளியுமாகிய வாரவிடுமுறை. எல்லாம் முடிந்து கையில் தாள் கிடைத்தது 12ஆம் நாள். வாப்பும்மா 9ஆம் நாளே மவுத்தாகிவிட்டார். ஊர் வந்த வாப்பா நேரே கப்ருஸ்தானுக்குப் போய்விட்டுத்தான் வீட்டு வாசலில் கால் வைத்தார் என்று உம்மா சொல்வதுண்டு.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். சவூதியில் 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம், தனியார் துறைத் தொழிலாளர் பலருக்கு முதலாளியின் ஒப்புதல் இன்றியே வேலை மாறவும், ஊர் சென்று திரும்பவும் வழி வகுத்திருக்கிறது. ஆயினும் வீட்டு வேலை செய்வோரும் வீட்டு ஓட்டுநர்களும் அந்தச் சீர்திருத்தத்தில் சேரவில்லை. வாப்பாவின் இகாமாவில் இருந்த அதே இரண்டு சொற்கள் இன்றும் ஒருவரைக் கட்டிவைக்கப் போதுமானவை.

இனி எங்கள் கதை. ஜெர்மனியில் உயர்கல்வி கற்ற வெளிநாட்டினர்க்கு வழங்கப்படும் வேலை, குடியிருப்பு அனுமதிக்கு 'ஐரோப்பிய ஒன்றிய நீல அட்டை' என்று பெயர். ப்ளூ கார்டு என்றே நம்மவர் அழைக்கின்றனர். அங்கே அது 2012 ஆகஸ்டில் தொடங்கியது. 2023 நவம்பரில் விதிகள் தளர்த்தப்பட்டன. கேட்பது பெரும்பாலும் மூன்று செய்திகள்தாம்: ஏற்கப்பட்ட பட்டம், அந்தப் பட்டத்துக்குப் பொருந்தும் வேலைக்கான ஒப்பந்தம், குறிப்பிட்ட அளவுக்குக் குறையாத ஊதியம். பட்டமும் கல்லூரியும் ஏற்கப்பட்டவையா என்பதை 'அனாபின்' என்னும் அரசுத் தரவுத்தளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். நாங்கள் போனபோது, 2024இல், பொது ஊதிய வரம்பு ஆண்டுக்கு 45,300 யூரோ. கணினித் துறை போன்ற ஆள் பற்றாக்குறைத் தொழில்களுக்கு 41,041 யூரோ 80 சென்ட். இந்த வரம்பு ஆண்டுதோறும் மாறும். இதைப் பின்னால் நினைவில் கொள்ளுங்கள்.

விசாவுக்கான கட்டணம் 75 யூரோ. அதற்கு மேல் தரகருக்கு நாங்கள் ஒரு காசும் கொடுக்கவில்லை. ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தோம். வாப்பாவும் தம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்களைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அவர் கேட்ட ஒரே கேள்வி: "தாள்ல என்ன வேலை போட்டிருக்கு? நீ செய்யப்போறதும் அதுதானா?" இரண்டும் ஒன்றே என்றோம். "அது போதும்" என்றார்.

தென் ஜெர்மனியில் ஒரு நடுத்தர நகரில் இறங்கினோம். வீடு கிடைத்துக் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் ஒப்பமிட்ட சான்று வேண்டும். முகவரி பதிந்தால்தான் வரி எண்ணும் மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அட்டையும் வந்து சேர்ந்தது. அதனோடு வந்த கூடுதல் தாளில் நிபந்தனைகள் அச்சிடப்பட்டிருந்தன. மனைவியின் அட்டையில் எந்த வேலையும் செய்யலாம் என்று இருந்தது. நீல அட்டையுடையவரின் துணைவருக்கு வருகைக்கு முன் ஜெர்மன் மொழிச் சான்று தேவையில்லை. வந்த நாள்முதல் வேலை செய்யவும் உரிமை உண்டு.

ஆனால் வேலை செய்யும் அனுமதி வேறு, தொழில் புரியும் அனுமதி வேறு என்பதை அங்கே போய்த்தான் முழுமையாக உணர்ந்தோம். மருந்தாளர், மருத்துவர், செவிலியர் முதலிய தொழில்களுக்குத் தனி உரிமம் வேண்டும். மருந்தாளராவதற்கு இந்தியப் பட்டத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்; குறையிருந்தால் தேர்வு வைப்பார்கள்; அதோடு துறைசார்ந்த ஜெர்மன் மொழித் தேர்வும் உண்டு. சில ஆண்டுகளேனும் பிடிக்கும் பாதை அது. சகோதரிகள் இதை முன்னரே அறிந்து, ஊரில் இருக்கும்போதே மொழியைக் கற்கத் தொடங்குவது நலம்.

ஐந்தரை மாதங்கள் அமைதியாகச் சென்றன. வெள்ளிக்கிழமைகளில் மதிய உணவு நேரத்தைச் சற்று நீட்டிக்கொள்ள மேலாளர் இசைந்தார். துருக்கியச் சகோதரர்கள் நடத்தும் பள்ளிவாசல் ஒன்றில் ஜும்ஆ கிடைத்தது. நவம்பர் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை கணவரை ஒரு சிறு அறைக்கு அழைத்தார்கள். நிறுவனத்துக்கு வரவேண்டிய பெரிய பணி ஒன்று கைநழுவிவிட்டது. புதியவர்கள் எல்லோரையும் அனுப்புகிறோம் என்றார்கள். முதல் ஆறு மாதங்கள் தகுதிகாண் காலம். அக்காலத்தில் இரண்டு வார முன்னறிவிப்பே போதும். 12 மாதச் சந்தா கட்டியிராததால் வேலையிழப்பு உதவித்தொகையும் இல்லை. கையில் மூன்று மாத வாடகைக்குப் போதுமான சேமிப்பு மட்டும் இருந்தது.

அன்று மாலை அந்தக் கூடுதல் தாளையும் விதிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். எந்த வேலைக்காக அனுமதி வழங்கப்பட்டதோ அது இடையில் முடிந்தால், தெரியவந்த இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டினர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அட்டையில் அச்சிட்டிருந்த காலக்கெடுவோ இன்னும் ஆண்டுக்கணக்கில் பாக்கி இருந்தது. தெரிவித்தால் அதைச் சுருக்கிவிட அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. கணவரின் அனுமதி விழுந்தால் அதன்மேல் நிற்கும் மனைவியின் அனுமதியும் விழும்.

நலம் நாடிய நண்பர்கள் இருவர் ஒரே ஆலோசனையைச் சொன்னார்கள். "எழுதிக் கொடுத்தால் நீங்களே குழி வெட்டிக்கொள்வதாகும். காதும் காதும் வைத்தாற்போல வேறு வேலை தேடிக்கொள்ளுங்கள். கிடைத்தபின் சொல்லிக்கொள்ளலாம்." அவர்களைக் குறை சொல்லமாட்டோம். அவ்வாறு செய்து தப்பியவர்களை அவர்கள் பார்த்திருக்கலாம். எங்கள் மனமும் அந்தப் பக்கமே சாய்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஒரு வாரம் அப்படியே கழிந்தது. மின்னஞ்சலை எழுதி வைத்திருந்தோம், அனுப்பவில்லை. வாயிற்மணி ஒலித்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அஞ்சல் பெட்டியைத் திறக்கத் தயங்கினோம்.

ஒன்பதாம் நாள் வாப்பாவுடன் பேசினோம். அவரிடம் சொல்ல நினைக்கவில்லை, குரலிலிருந்தே கண்டுபிடித்துவிட்டார். எல்லாம் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"தாளு ஒண்ணு சொல்லி, நாம ஒண்ணு செஞ்சா ராத்திரி தூக்கம் வராது வாப்பா. இருபத்தாறு வருஷம் நான் சரியாத் தூங்கல. எனக்கு வேற வழி இல்லாம இருந்துச்சு. உங்களுக்கு வழி இருக்கு. நீங்க ரெண்டு பேரும் போயி உள்ளதச் சொல்லிருங்க. அனுப்பிட்டாங்கன்னா வீட்டுக்கு வாங்க. வீடு இங்கதான இருக்கு."

வீட்டுக்கு வாங்க என்ற அந்தச் சொல்லில் எங்கள் அச்சம் பாதி கரைந்தது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுவதை நம் மார்க்கம் கடமையாக வைத்திருக்கிறது என்று எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். கடன் பத்திரத்தையும் வியாபாரத்தையும் மட்டுமே அப்போது நினைத்துக்கொண்டோம். ஒரு நாடு நம் கையில் அளிக்கும் குடியிருப்பு அனுமதியும் ஓர் ஒப்பந்தமே, ஓர் அமானிதமே என்பது அன்றுதான் உறைத்தது. அன்றிரவே மின்னஞ்சலை அனுப்பினோம்.

பதில் வர மூன்று வாரங்கள் ஆயின. அந்த அலுவலகத்தில் தொலைபேசியை எடுப்பாரில்லை; அஞ்சலுக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. கடைசியில் ஒரு கடிதம் வந்தது. மூன்று மாதங்களுக்குள் தகுதியான வேறு வேலை தேடிக்கொள்ளுங்கள், கிடைத்ததும் ஒப்பந்தத்தை அனுப்புங்கள் என்று அதில் இருந்தது. அது அவர்களுடைய தயவும் அல்ல. நீல அட்டை பெற்று இரண்டு ஆண்டு ஆகாதவர்க்கு மூன்று மாதம் வரையிலும், இரண்டு ஆண்டு கடந்தவர்க்கு ஆறு மாதம் வரையிலும் வேலையின்மை ஒன்றையே காரணம் காட்டி அட்டையைப் பறிக்கக்கூடாது என்பது 2021இல் வந்த ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறையிலேயே இருக்கிறது. அச்சத்தில் அதை நாங்கள் தேடிப் படிக்கவே இல்லை. இன்னொன்றையும் பிறகே அறிந்தோம். பணி முடிந்ததை முதலாளியும் நான்கு வாரத்துக்குள் அதே அலுவலகத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். நாங்கள் மறைத்திருந்தாலும் அது மறைந்திருக்காது. மறைத்தவர்கள் என்ற பெயர் மட்டும் எங்களுக்கு மிஞ்சியிருக்கும்.

அந்த மூன்று மாதங்களில் பொட்டலங்களைப் பிரித்தடுக்கும் கிடங்கு ஒன்றில் மனைவி பகுதிநேர வேலைக்குச் சென்றார். மருந்தியல் படித்தவர் பெட்டி தூக்குவதா என்று ஊரில் சிலர் வருந்தினார்கள். எங்களுக்கு அதில் வருத்தம் இல்லை. அட்டையில் எந்த வேலையும் செய்யலாம் என்று இருந்தது. அந்த வேலையைச் செய்தார். சோதனைக்கு யாரேனும் வந்தால் பின்வாசலைத் தேடவேண்டிய நிலை இல்லை. கணவர் எழுபதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் அனுப்பினார்.

ஜனவரி நடுவில் ஒரு சிறிய நிறுவனம் அழைத்தது. ஆண்டுக்கு 43,000 யூரோ தருவதாகச் சொன்னார்கள். வரம்பு 41,041 யூரோ 80 சென்ட்தானே, அதற்கு மேலேயே தருகிறோம் என்றார் உரிமையாளர். அவர் பார்த்திருந்தது முந்தைய ஆண்டின் கணக்கு. 2025 பிறந்ததும் பற்றாக்குறைத் தொழில்களுக்கான வரம்பு 43,759 யூரோ 80 சென்டாக உயர்ந்துவிட்டது. சொன்னால் வேலையே போய்விடுமோ என்ற கலக்கம் எங்களுக்கு. ஆனால் ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பழகியபின் இரண்டாம் முறை அவ்வளவு கடினமாக இல்லை. புதிய எண்ணைக் காட்டினோம். அவர் கணிப்பொறியில் சரிபார்த்தார், நன்றி சொன்னார், 44,000 என்று திருத்தி எழுதினார். பிப்ரவரி முதல் தேதி வேலை தொடங்கியது. அல்ஹம்துலில்லாஹ்.

இனிக் காத்திருப்பது நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்காக. நீல அட்டையோடு 27 மாதங்கள் தகுதியான வேலை செய்து, ஓய்வூதியச் சந்தாவும் கட்டியிருந்து, ஏ1 அளவு ஜெர்மன் தெரிந்தால் விண்ணப்பிக்கலாம். பி1 அளவு தெரிந்தால் 21 மாதங்களே போதும். மொழியைக் கற்றால் ஆறு மாதம் மிச்சம். விண்ணப்பத்தின்போது சந்தாக் கணக்கு மாதம் மாதமாகச் சரிபார்க்கப்படும். எங்கள் கணக்கில் இடைவெளி இருக்கிறது. ஆனால் அந்த இடைவெளிக்கு உரிய கடிதம் எங்கள் கோப்பில் இருக்கிறது.

ஒரு குறை மட்டும் நீங்கவில்லை. 2024 மார்ச் 1ஆம் தேதி முதலாக இத்தகைய அனுமதியை முதன்முறை பெற்றவர்கள் தம் பெற்றோரையும் அழைத்து வைத்துக்கொள்ள ஜெர்மானியச் சட்டம் இடம் தருகிறது. நாங்கள் அந்த நாளுக்குப் பின் வந்தவர்கள். ஆனால் பெற்றோரின் மருத்துவக் காப்பீடு முழுமையாக உறுதி செய்யப்படவேண்டும். மனைவி மக்களைச் சேர்ப்பதுபோல அவர்களை நம் பொதுக் காப்பீட்டில் சேர்க்க முடியாது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள முதியவரைத் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் எளிதில் ஏற்பதில்லை. சட்டம் ஒரு வரியில் திறந்த கதவைக் காப்பீட்டுப் படிவம் பாதி மூடிவிடுகிறது.

இருந்தும் முயன்று பார்க்கலாமே என்று வாப்பாவிடம் கேட்டோம். அவர் மறுத்தார். "இன்னொருத்தர்கிட்ட அனுமதி வாங்கி வாழ்ந்தது போதும் வாப்பா. நானும் உம்மாவும் இங்கேயே இருக்கோம். நீங்க நெனச்ச நேரம் புறப்பட்டு வரலாம்ல? யாருகிட்டயும் கையெழுத்து வாங்க வேணாம்ல?" என்று கேட்டார்.

வேண்டியதில்லை என்றோம். கடவுச்சீட்டு எங்கள் மேசையில் இருக்கிறது. வெளியேற எவருடைய ஒப்பமும் தேவையில்லை. அதை மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார் வாப்பா.

வெளிநாடு செல்லக் காத்திருக்கும் தம்பி, தங்கையரே, ஊதியம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், கையில் வரும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். எந்த வேலை, எந்த முதலாளி, எவ்வளவு காலம், குடும்பத்துக்கு இடமுண்டா, வேலை போனால் எத்தனை நாள், ஊருக்கு வர யாருடைய ஒப்பம் வேண்டும் என்பவற்றை நீங்களே படித்து அறியுங்கள். தரகரின் வாயிலிருந்து அறியாதீர்கள். பின்பு அந்தத் தாள் சொல்வதையே செய்யுங்கள். நிலைமை மாறினால் உரியவரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். அதனால் வேலை நிச்சயம் நிலைக்கும் என்று நாங்கள் வாக்களிக்க இயலாது. எங்களுக்கே அது நூலிழையில்தான் நிலைத்தது. ஆனால் அந்த மின்னஞ்சலை அனுப்பிய இரவில் நாங்கள் உறங்கினோம்.

பச்சைப் புத்தகத்தை வாப்பா எங்களிடம் கொடுத்துவிட்டார். எங்கள் அட்டையின் கூடுதல் தாளை மடித்து அதற்குள் வைத்திருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், எங்கள் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துப் படிக்கட்டும்.

வஸ்ஸலாம்.